நிற்க முடியாத பிள்ளையின் உயரம்

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் வாழ்ந்த பிலிபேர் கெனோ டி மோன்பெயார் என்பவருக்கு 1759ஆம் ஆண்டு ஒரு மகன் பிறந்தான். புகழ்பெற்ற இயற்கை அறிஞர் பஃபோனுக்குப் பறவைகள் பற்றிய நூல்களை எழுதுவதில் துணை நின்றவர் அவர். மகன் பிறந்த நாளிலேயே அவனது நீளத்தை அளந்து குறித்து வைத்தார். பிறகு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே வந்தார். அந்தப் பழக்கத்தை மகனுக்குப் 18 வயது நெருங்கும் வரை அவர் விடவில்லை. அந்தக் குறிப்புகளைப் பஃபோன் 1777ல் தம் பெருநூலின் பின்னிணைப்பில் வெளியிட்டார். ஒரே பிள்ளையைப் பிறப்பு முதல் வாலிபம் வரை தொடர்ந்து அளந்த முதல் பதிவாக அதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. ரிச்சர்ட் ஸ்கேமன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1927ல் அந்தப் பழைய பிரெஞ்சு அளவுகளைச் சென்டிமீட்டருக்கு மாற்றித் தந்தார். அந்த வளைகோடு இன்றும் பாடநூல்களில் அச்சாகிறது.

அந்த மகனால் நிற்க முடிந்தது. உயரத்தை அளக்கும் கலை முழுவதும் அதற்குப் பிறகு நிற்கும் பிள்ளையை மனத்தில் வைத்தே வளர்ந்தது. முதுகு நிமிராத, கால் நீளாத, ஒரு நிமிடம்கூடத் தனியே நிற்க இயலாத பிள்ளையின் வளர்ச்சியை எப்படி அறிவது என்ற கேள்விக்கு நம்பத்தக்க பதில் கிடைக்க, மோன்பெயார் காலத்திலிருந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெருமூளை வாதம் கொண்ட பிள்ளைகள்.

உயரம் ஏன் முக்கியம் என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே. ஏழை வட்டாரத்து இளைஞர்கள் குட்டையாக இருப்பது பிறவிக் குணமா, வாழ்க்கை நிலையின் விளைவா என்று அவர் ஆராய்ந்தார். நல்ல உணவும் வசதியும் உள்ள இடத்தில் மனிதர்கள் உயரமாக வளர்கிறார்கள், விரைவாகவும் வளர்கிறார்கள் என்று 1829ல் எழுதினார். பிரிட்டனில் 1833ல் ஆலைத் தொழிலாளர் விசாரணையின்போது சிறுவர்களின் உயரம் அளக்கப்பட்டது. குட்டையான பிள்ளை என்பது அப்படியே பிறந்த பிள்ளை என்று ஆலை முதலாளிகளால் அதற்குப் பிறகு எளிதில் சொல்லிவிட முடியவில்லை. அளவுகோல் ஒரு சாட்சியாகிவிட்டது.

அந்தச் சாட்சியை மிகத் துல்லியமாக்கியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் டேனர். லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரிலிருந்த ஒரு சிறுவர் இல்லத்தில் 1948ல் தொடங்கி, பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். டேனரின் உதவியாளர் வைட்ஹவுஸ் அளவெடுப்பதில் தனித் திறமை கொண்டவர். குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் பலகையில் பட வேண்டும். தலை நேராக இருக்க வேண்டும். அளப்பவர் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் இரு கைகளையும் வைத்து மெல்ல மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால்தான் காலை அளவுக்கும் மாலை அளவுக்கும் உள்ள வேறுபாடு குறையும். ஹார்ப்பெண்டன் என்ற பெயரையே தாங்கிய அளவுக் கருவி பல நாட்டு மருத்துவமனைகளுக்குப் போனது. 1966ல் டேனர் குழு வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் பல நாடுகளில் முன்மாதிரியாயின. நூறு பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினால் இந்தப் பிள்ளை எத்தனையாவதாக நிற்கும் என்று காட்டும் கோடுகள் அவை. வரிசையில் நிற்கவே முடியாத பிள்ளைக்கு அந்தத் தாளில் இடமில்லை.

தசையைப் பார்த்தார்கள், தட்டைப் பார்க்கவில்லை

பெருமூளை வாதத்தின் வரலாறு இன்னொரு பாதையில் நடந்தது. வில்லியம் ஜான் லிட்டில் 1810ல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதில் கண்ட நோயால் அவரது ஒரு பாதம் திருகிப்போனது. மருத்துவம் படித்த பிறகு ஜெர்மனிக்குச் சென்று, 1836ல் ஸ்ட்ரோமெயர் என்ற அறுவை மருத்துவரிடம் தம் பாதத்தைச் சரிசெய்துகொண்டார். ஊர் திரும்பி, தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு மருத்துவமனையையே நிறுவினார். கடினமான பிரசவம், குறை மாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் பிள்ளையின் கை கால் விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்று 1861ல் லண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தில் அவர் உரையாற்றினார். அதற்கு அவர் துணைக்கு அழைத்துக்கொண்டது ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனை. குறையாகப் பிறந்து கோணலாக வளர்ந்தவன் என்று நாடகத்தில் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும் பாத்திரம் அது. நீண்ட காலம் இந்தக் குறைபாட்டுக்கு லிட்டிலின் நோய் என்றே பெயர்.

1889ல் வில்லியம் ஆஸ்லர், பிலடெல்பியாவில் கண்ட 151 நோயாளிகளைப் பற்றி நூல் எழுதினார். பெருமூளை வாதம் என்ற பெயர் அதன் வழியே நிலைபெற்றது. 1897ல் இதே பொருளில் ஒரு தடித்த நூலை வெளியிட்டவர் சிக்மண்ட் ஃபிராய்ட். மனத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெறுவதற்கு முன்பு அவர் பிள்ளைகளின் நரம்பு நோய்களில் வல்லுநர். கடினமான பிரசவம் எப்போதும் காரணமாகாது, கருவிலேயே நேர்ந்த கோளாற்றின் அடையாளமாகவும் அது இருக்கலாம் என்று லிட்டிலோடு மாறுபட்டார். அந்தக் கருத்து எவ்வளவு சரியானது என்பது அடுத்த நூற்றாண்டின் இறுதியில்தான் தெரிந்தது.

மூவரும் பெரிய அறிஞர்கள். மூவரின் பார்வையும் தசையிலும் நரம்பிலும் மூளையிலும் பதிந்திருந்தது. பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது அவர்களின் முக்கியக் கேள்வியாக இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவ இதழ்களில் இப்பிள்ளைகளின் உயரம், எடை பற்றிச் சில கட்டுரைகள் வந்தன. அவர்கள் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதவர்கள் என்று அவை காட்டின. ஆனாலும் மருத்துவமனைகளில் பெற்றோருக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான். இந்த நோய் உள்ள பிள்ளை ஒல்லியாகத்தான் இருக்கும், குட்டையாகத்தான் இருக்கும். வில்லெர்மே 1829ல் கேட்ட கேள்வியை இந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்க ஆள் இல்லை.

கேட்டிருந்தாலும் விடை சொல்வது கடினம். பெருமூளை வாதத்தில் தசை விறைத்து, காலப்போக்கில் முழங்காலும் இடுப்பும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுவது உண்டு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையலாம். படுக்க வைத்து அளக்கும் பலகையிலும் உடல் நேராகாது. இரண்டு தாதியர் பிடித்து இழுத்து அளந்தாலும், இன்று ஓர் அளவு, அடுத்த வாரம் இன்னோர் அளவு. பிள்ளைக்கு வலிதான் மிச்சம். அதனால் பல மருத்துவமனைகளில் உயரம் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகவே இருந்தது.

தவறான அளவு, வெறுமையைவிட ஆபத்தானது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று 15 கிலோ எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான உயரம் 110 சென்டிமீட்டர். உடல் மடங்கியிருப்பதால் நாடாவில் 100 என்று வருகிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்கும் உடல் எடைக் குறியீடு, தவறான உயரத்தில் 15 என்று காட்டும். அந்த வயதுக்கு அது ஏறக்குறைய நடுத்தரமான எண். சரியான உயரத்தில் கணக்கிட்டால் 12.4. அது தெளிவான மெலிவு. பசியால் வாடும் பிள்ளைக்கு நலமாக இருக்கிறது என்று சான்றிதழ் கிடைத்துவிடும்.

பசி என்று சொல்லத் தொடங்கிய ஆண்டு

1986ல் பிள்ளைகளின் நரம்பியல் வளர்ச்சி பற்றிய ஒரே மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று, அமெரிக்காவில் ஷபிரோ குழுவினர் எழுதியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவுக்கு நரம்புக் கோளாறு காரணமா, சத்துக் குறைவு காரணமா என்பதையே அது தலைப்பாக வைத்திருந்தது. மற்றொன்று, கனடாவில் ஜான் பேட்ரிக் குழுவினர் எழுதியது. மிகவும் மெலிந்த பெருமூளை வாதப் பிள்ளைகளுக்கு மூக்கு வழியே குழாய் செலுத்திப் போதுமான உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மெலிவு விரைவாகச் சரியானது. நோயின் இயல்பு என்று கருதப்பட்ட மெலிவில் பெரும்பகுதி பசி என்று தெரிந்தது.

இந்தப் பசிக்குப் பெற்றோரைக் குறை சொல்வது பெரும் அநியாயம். மெல்லுவதும் விழுங்குவதும் பல தசைகள் வரிசை தவறாமல் செய்யும் வேலை. அந்த வரிசை குலைந்தால் உணவு வாயிலிருந்து வழியும், புரையேறும், சில வேளைகளில் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலில் முடியும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் வட்டாரத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2000ல் வெளியானது. நரம்புக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டறிந்த ஆய்வு அது. அப்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பெருமூளை வாதம் கொண்டவர்கள். 89 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு உணவூட்ட உதவி தேவைப்பட்டது. 56 விழுக்காட்டினருக்குப் புரையேறியது. 28 விழுக்காட்டுக் குடும்பங்களில் உணவூட்டுவதற்கே நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. இவ்வளவுக்கும் பிறகு, 64 விழுக்காட்டுப் பிள்ளைகளின் உணவையும் சத்து நிலையையும் எந்த வல்லுநரும் ஒருமுறைகூட மதிப்பிட்டதில்லை.

மூன்று மணி நேரம் என்பது பள்ளியின் அரை நாள். ஒரு கிண்ணக் கஞ்சி ஆறிப்போய், மறுபடி சூடாக்கி, மறுபடி ஆறும் நேரம். அவ்வளவு நேரம் மடியில் வைத்து ஊட்டிய தாயிடம் பிள்ளைக்கு ஏன் எடை ஏறவில்லை என்று கேட்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருந்தது. ஊட்டிய நேரம் கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளே போன அளவு எவ்வளவு என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

மூக்குக் குழாயை ஆண்டுக் கணக்கில் வைத்திருக்க முடியாது. வயிற்றில் நேராகக் குழாய் பொருத்தும் முறை பழையதுதான் என்றாலும், அதற்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 1979ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடெரர், பொன்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள், வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் உள்நோக்குக் கருவியின் துணையுடன் அதே குழாயைப் பொருத்திக் காட்டினர். ஆக்ஸ்ஃபர்ட் குழுவினர் இந்த வகை உணவுக் குழாய் பொருத்தப்பட்ட 57 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2005ல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டில் எடை நன்றாக ஏறியிருந்தது. உணவூட்டும் நேரம் வெகுவாகக் குறைந்தது. குழாய் வேண்டாம், கையால் ஊட்டுவதே பாசம் என்று தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு சரியான அளவு கையில் இருக்க வேண்டும்.

முழங்கால் சொல்லும் உயரம்

அந்த அளவு கிடைத்த கதை முதியோரிடமிருந்து தொடங்குகிறது. கூன் விழுந்த முதியவர்களின் உயரத்தை முழங்கால் உயரத்திலிருந்து கணக்கிடலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் சம்லியா 1985ல் காட்டினார். முதுகு வளைந்தாலும் கீழ்க்கால் எலும்பு வளைவதில்லை. அதே தர்க்கம் பிள்ளைகளுக்கும் பொருந்தாதா? 1989ல் ஸ்பெண்டரும் அவரது சக ஆய்வாளர்களும் பெருமூளை வாதப் பிள்ளைகளின் கை, கால் பகுதிகளைத் தனித்தனியே அளப்பது நம்பகமானது என்று எழுதினர். 1995ல் ரிச்சர்ட் ஸ்டீவென்சன் அந்த அளவுகளிலிருந்து முழு உயரத்தைக் கணக்கிடும் வாய்பாடுகளை வெளியிட்டார். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானவை அவை.

செய்முறை எளிது. பிள்ளை உட்கார்ந்தோ படுத்தோ இருக்கலாம். முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலுக்கு மேல் தொடையின் மேற்பரப்பு வரை கவைக்கோல் போன்ற கருவியால் அளக்க வேண்டும். அந்த எண்ணை 2.69ஆல் பெருக்கி 24.2ஐக் கூட்டினால் உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். முழங்கால் உயரம் 32 என்றால் பிள்ளையின் உயரம் சுமார் 110. கருவி இல்லையென்றால் சாதாரண அளவு நாடாவே போதும். முழங்கால் மூட்டின் உட்புற விளிம்பிலிருந்து கணுக்காலின் உட்புற எலும்பு முனை வரை அளந்து, 3.26ஆல் பெருக்கி 30.8ஐக் கூட்ட வேண்டும். காலை அளக்க முடியாவிட்டால் மேற்கையின் நீளத்துக்கும் ஒரு வாய்பாடு உண்டு. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல பக்கத்தையே அளக்க வேண்டும்.

இந்த வாய்பாடுகளைத் தங்கத் தராசாக நினைப்பது தவறு. ஒரு கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்தும் கணக்கு, தனி ஒரு பிள்ளைக்குச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போகலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. கால் நீளத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதம் எல்லா இனத்தாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வாய்பாடு அமெரிக்கப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் கலந்து வாழும் நாட்டில் அதை அப்படியே எடுத்தாள்வதில் கவனம் தேவை. ஆனால் ஒரே பிள்ளையை ஒரே முறையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்கு எந்த இனத்தாரின் விகிதமும் தேவையில்லை. மோன்பெயார் செய்ததும் அதுதான்.

உணவு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கும் ஸ்டீவென்சன் குழுவினர் அதே 1995ல் அழகான ஒரு வழியில் விடை தேடினர். உடலின் ஒரு பாதி மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் ஒப்பிட்டனர். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாய், ஒரே இரத்தம், ஒரே உணவு. ஆயினும் பாதிக்கப்பட்ட பக்கத்தின் எலும்புகள் குட்டையாகவே இருந்தன. ஆகவே பழைய மருத்துவர்கள் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. நரம்பும், அசைவும், எலும்பு தாங்கும் பாரமும் வளர்ச்சியில் பங்கு கொள்கின்றன. அவர்களின் பிழை, அதை முழுக் காரணமாக்கி, சரிசெய்யக்கூடிய பசியையும் அதற்குள் போட்டு மூடியதுதான்.

அப்படியானால் இந்தப் பிள்ளைகளை எந்த அட்டவணையோடு ஒப்பிடுவது? உலகச் சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள், ஆறு நாடுகளின் நலமான பிள்ளைகளைக் கொண்டு உருவானவை. அதில் வைத்துப் பார்த்தால் நடக்க முடியாத பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைசிக் கோட்டுக்குக் கீழே விழுவார்கள். 2007ல் கலிஃபோர்னியாவிலிருந்து பெருமூளை வாதப் பிள்ளைகளுக்கென்றே தனி அட்டவணை வந்தது. 24,920 பேரின் அளவுகளிலிருந்து, எவ்வளவு இயங்க முடிகிறது என்பதற்கு ஏற்பப் பிரித்து வரையப்பட்டது அது. பெற்றோருக்கு அது ஓர் ஆறுதல். பிள்ளையைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே வைத்துப் பார்க்க முடிந்தது.

ஆறுதலுக்குள் ஒரு பொறியும் இருந்தது. அந்தக் கலிஃபோர்னியப் பிள்ளைகளில் எத்தனை பேர் வயிறார உண்டவர்கள்? பசித்த பிள்ளைகளின் சராசரியைக் கொண்டு கோடு வரைந்தால், பசியே இயல்பு என்று ஆகிவிடும். இதை உணர்ந்த புரூக்ஸ் குழுவினர் 2011ல் அதே மாநிலத்தின் 25,545 பிள்ளைகளின் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து, எடை எவ்வளவு குறைந்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்பதையும் சேர்த்துக் காட்டினர். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிரிவுகளில், தங்களைப் போன்ற நூறு பேரில் எடை குறைந்த முதல் இருபது பேருக்குள் வரும் பிள்ளைகளுக்கு அபாயம் கூடியிருந்தது. ஐரோப்பாவின் பிள்ளைகள் குடல், உணவியல் மருத்துவர் சங்கம் 2017ல் இன்னும் கண்டிப்பாகச் சொன்னது. சத்துக் குறைவைக் கண்டறியத் தனி அட்டவணைகளைப் பயன்படுத்தக் கூடாது. உயரம் அளக்க இயலாவிட்டால் முழங்கால் உயரத்தையோ கீழ்க்கால் நீளத்தையோ வழக்கமாக அளக்க வேண்டும். எடையோடு நின்றுவிடாமல் தோல் மடிப்பை அளந்து உடலிலுள்ள கொழுப்பையும் மதிப்பிட வேண்டும். ஒரு பிள்ளை எப்படி வளர்கிறது என்பதும் எப்படி வளர வேண்டும் என்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்று பிரித்துக் காட்டியதில் அந்தப் பரிந்துரைக்குத் தனி மதிப்பு உண்டு.

சிங்கப்பூரில் இப்பிள்ளைகளுக்கான சங்கம் 1957லேயே தொடங்கிவிட்டது. மலேசியாவிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பள்ளி, தொழிற்பயிற்சி என்று அவை செய்துவரும் பணி பெரிது. இந்த வட்டாரத்துக்கு வடமேற்கே, வங்காளதேசத்தில், பெருமூளை வாதப் பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு 2015ல் கிராமப்புறத்தில் தொடங்கப்பட்டது. அங்கே மருத்துவமனைக்கு வராத பிள்ளைகளையும் தேடிப் போய் அளந்தார்கள். பெரும்பாலோர் எடை குறைந்தவர்களாகவும் உயரம் குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு எடையும் உயரமும் எழுதப்பட்ட முதல் தாள் அந்தப் பதிவேட்டுத் தாள்தான்.